டம்ளரில் என்ன இருக்கு?

எங்கள் சந்தில் யார் எதை நீட்டினாலும் "என்ன இது?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவாள் அந்த அக்கா. தண்ணீராக இருந்தாலும் சரி, பதில் வரும்வரை அவள் கை நீளாது. தாராவியில் நாங்கள் குடியிருந்த சந்தில் ஒரு வீட்டில் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள், அவ்வளவு நெருக்கம். அப்படிப்பட்ட இடத்தில், ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்ததைப் பார்த்து இதில் என்ன போட்டிருக்கிறாய் என்று கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? ஒருமுறை என் மகள் பிறந்தநாளுக்குப் பாயசம் கொண்டுபோனேன். அக்கா கதவில் சாய்ந்து நின்றுகொண்டு கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள்.

"என்னட்டி இது?"

"பாயாசம்க்கா."

"பாயாசத்துல?"

"பால், சேமியா, சீனி, முந்திரி."

"வேற?"

"வேற என்ன, வெஷமா வச்சிருக்கேன்?" என்றேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அக்கா சிரித்துவிட்டாள். "வெஷம்னா நாத்தமே காட்டிக் குடுத்துரும்ட்டி. எனக்கு ஆவாதது நாத்தம் இல்லாதது" என்று சொல்லிக் கிண்ணத்தை வாங்கினாள். நின்ற இடத்திலேயே குடித்து முடித்து, கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தாள். அன்றிலிருந்து அவளிடம் எதைக் கொடுத்தாலும், கேட்பதற்கு முன்பே என்னென்ன சேர்த்தேன் என்று நானாகவே ஒப்பித்துவிடுவேன்.

அவளுக்கு ஆகாதது தூக்க மாத்திரை. வருஷக்கணக்கில் அதைத் தின்று, அதற்கே அடிமையாகி, ஐரோலிப் பக்கம் ஒரு மறுவாழ்வு மையத்தில் மாதக்கணக்கில் இருந்துவிட்டு வந்தவள் அவள். "மாத்திரய நான் தேடிப் போனா எனக்கே தெரிஞ்சிரும். அது என்னயத் தேடி வந்தா? அதுக்குத்தான் கேக்கேன்" என்பாள்.

கேட்பதில் அவளுக்கு ஆள் பேதம் கிடையாது. மாட்டுங்கா கோயிலுக்கு நானும் அவளும் போவோம். ஒருநாள் வரிசையில் நிற்கிறோம், இளவயசுப் பட்டர் ஒருவர் உத்தரணியால் தீர்த்தம் கொடுத்துக்கொண்டு வருகிறார். அக்கா கையைக் குவித்துக்கொண்டே, "இதுல என்ன சேத்திருக்கீங்க சாமி?" என்றாள். எனக்கு மானம் போயிற்று. பின்னால் நின்ற பட்டுப்புடவை மாமி ஒருத்தி, "பெருமாள் தீர்த்தத்தைப் போய் இப்படியெல்லாம் கேப்பாளோ?" என்று உச்சுக்கொட்டினாள். பட்டர் மட்டும் கொஞ்சமும் அசரவில்லை. "பச்சைக் கற்பூரம், ஏலக்காய், துளசி. வேற ஒண்ணும் இல்லம்மா. தைரியமா சாப்பிடுங்கோ" என்றார். அதற்குப் பிறகு அக்கா அந்தக் கோயிலைத் தவிர வேறு கோயிலுக்குப் போகவில்லை. கேட்டால் பதில் சொல்கிற சாமி அது என்பாள்.

சந்து முனையில் இருந்த டாக்டரிடமும் இதே கதைதான். சளி, இருமல் என்று போனால், நாற்காலியில் உட்காரும் முன்பே "டாக்டர்சாப், நீந்த் கா குச் நஹி தேனே கா" என்று, தூக்கம் வருகிற எதையும் தரக்கூடாது என்று, வெளியே பெஞ்சில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி சொல்வாள். மெதுவாகப் பேசு என்று அவர் கையைக் காட்டுவார். "மெதுவா சொன்னா மறந்துருவாரு. நாலு பேரு காதுல விழுந்தா அவருக்கும் பயம் இருக்கும்" என்று என்னிடம் தமிழில் சொல்லுவாள். டாக்டர் இருமல் சிரப் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு அட்டையைப் படித்துப் பார்ப்பதை நானே கண்டிருக்கிறேன்.

இதெல்லாம் மையத்திலிருந்து வந்த பிறகு. அதற்கு முந்திய அக்கா வேறு ஆள்.

அவள் புருஷனை நாங்கள் எல்லாரும் அண்ணாச்சி என்போம். வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, சாவு, எதுவானாலும் அண்டாவும் அடுப்பும் நாற்காலியும் அவர் கடையிலிருந்துதான் போகும். கர்ப்பப்பையை எடுத்த ஆப்பரேஷனுக்குப் பிறகு அக்காவுக்குத் தூக்கம் வரவில்லை என்று ஒரு டாக்டர் கொஞ்ச நாளைக்குத்தான் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு கசங்கிவிடக் கூடாது என்று அக்கா அதை லேமினேட் செய்து பர்சில் வைத்துக்கொண்டாள். பான் கார்டுக்குப் பின்னால் அது இருக்கும். தாராவியில் ஒரு மெடிக்கல், மாட்டுங்காவில் ஒன்று, செம்பூர் ஸ்டேஷனுக்கு வெளியே ஒன்று என்று மாற்றி மாற்றி வாங்கினாள். யாரும் தேதியைப் பார்க்கவில்லை. பளபளவென்று இருந்த சீட்டுக்கு அவ்வளவு மரியாதை.

தான் மட்டும் போட்டுக்கொண்டாளா என்றால் இல்லை, சந்துக்கே கொடுத்தாள். தலைவலி, புருஷன் சண்டை, பிள்ளைக்குப் பரீட்சை பயம் என்று எது வந்தாலும் "அக்காட்ட போயி அர மாத்திர வாங்கிட்டு வா" என்பார்கள். அதில் துளி கெட்ட எண்ணம் கிடையாது. ஊறுகாய் கொடுப்பது போலத்தான் கொடுத்தாள். இழவு வீட்டுக்கு அண்டா போனால் பின்னாலேயே அக்காவும் போவாள். மாரில் அடித்துக்கொண்டு அழுகிற பெண்ணுக்குப் பாலில் ஒரு மாத்திரையைக் கரைத்துக் கொடுத்து, "கொஞ்சம் கண்ணசரட்டும், பாவம்" என்பாள். எங்கள் சந்தில் அது கிட்டத்தட்ட ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. என் மாமனார் இறந்தபோது என் மாமியாருக்கும் அந்தப் பால் வந்தது. நாங்கள் நன்றிதான் சொன்னோம்.

போகப் போக அவள் நிலைமை பயமாக இருந்தது. அவள் தங்கச்சி சீத்தா கேம்ப் என்கிற குடியிருப்பில் இருந்தாள். அவளைப் பார்க்கக் கோவண்டியில் இறங்க வேண்டியவள் ரயிலில் தூங்கிவிட்டு எனக்குப் போன் செய்வாள். "ஏட்டி, பன்வேல்னு போர்டு போட்டிருக்கு. நான் எதுக்கு இங்க வந்தேன்?" முதல் தடவை நான் சிரித்தேன். அடுத்தடுத்த தடவைகளில் சிரிப்பு வரவில்லை. கேஸைத் திறந்துவிட்டுப் பற்ற வைக்க மறந்து நின்ற அன்று, அண்ணாச்சி வீட்டிலிருந்த மாத்திரை அத்தனையையும் சாக்கடையில் கொட்டினார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஒன்றிரண்டு நாளில் அக்காவுக்குக் கடையில் வலிப்பு வந்து அண்டாக்களுக்கு நடுவில் விழுந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் அவளை விட அண்ணாச்சியைத்தான் அதிகம் திட்டினார்கள். இதை ஒரே அடியாக நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்று அப்போதுதான் எங்களுக்கெல்லாம் தெரிந்தது. அங்கிருந்து ஐரோலி.

அவள் மையத்தில் இருந்த காலம் முழுக்க, அக்கா ஊருக்குப் போயிருக்கிறாள் என்று தங்கச்சி எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள். சாத்தான்குளம் பக்கம் மழை, வீட்டுச் சுவர் இடிந்துவிட்டது, கட்டிவிட்டு வருவாள் என்று விலாவாரியாகச் சொன்னாள். அக்கா திரும்பி வந்து ஆட்டோவிலிருந்து இறங்குகிறாள். எதிர்வீட்டுக்காரி, "ஊர்ல நல்ல மழயாக்கா? செவுரு கெட்டியாச்சா?" என்று கேட்டாள். தங்கச்சி பின்னாலிருந்து அக்காவின் முழங்கையைக் கிள்ளியதை நான் பார்த்தேன்.

"எந்த ஊரு? எந்தச் செவுரு?" என்றாள் அக்கா. "மாத்திரயத் தின்னு தின்னு புத்தி கெட்டுக் கெடந்தேன்ட்டி. ஆஸ்பத்திரில போட்டிருந்தாவ. இனிமே யாரும் எங்கிட்ட மாத்திர கேக்காதிய, குடுக்கவும் குடுக்காதிய."

தங்கச்சி அன்றைக்கு அழுதுகொண்டே சீத்தா கேம்புக்குப் போனாள். அக்கா வீட்டுக்குள் போய் பர்சிலிருந்து அந்தச் சீட்டை எடுத்துக் கிழிக்கப் பார்த்தாள். லேமினேட் போட்டது கிழியுமா? பல்லால் கடித்தும் பார்த்தாள். கடைசியில் அண்ணாச்சி கடையிலிருந்து தகரம் வெட்டுகிற கத்திரியைக் கொண்டுவந்து வெட்டிக் கொடுத்தார்.

அண்ணாச்சி அதிகம் பேசமாட்டார். ஆனால் அவள் கேட்கிற கேள்விக்கு மட்டும் ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை. காலையில் அவர்தான் டீ போடுவார். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குத் தினமும் கேட்கும்.

"என்ன இது?"

"டீ."

"டீல?"

"பாலு, சீனி, இஞ்சி."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல. குடி."

கல்யாணமாகி அத்தனை வருஷம் ஆன பிறகு, அதை ஒரு வேடிக்கைக் கேள்வியாக எடுத்துக்கொண்டு ஒருநாளாவது அவர் கிண்டல் செய்திருக்கலாம். செய்யவில்லை. என் வீட்டுக்காரர் இரண்டாம் நாளே கத்தியிருப்பார்.

மாத்திரை நின்றது, தூக்கம் சரியாக வரவில்லை. அதைப் பற்றி அக்கா புலம்பமாட்டாள். விடிவதற்கு முன் குழாயில் தண்ணீர் வரும். சந்தில் எல்லாரும் கொட்டாவி விட்டுக்கொண்டு வருவோம், அக்கா ஏற்கெனவே குளித்து நெற்றியில் குங்குமத்தோடு நிற்பாள். "தூக்கம் வந்தா வருது, வராட்டி போவுது. தூங்காததுனால ஒருத்தியும் செத்ததில்ல" என்பாள். பகலில் கண்ணயர்ந்தால் வம்பு என்று மத்தியானத்தில் கடைக்குப் போய் அண்டாக்களைப் புளி போட்டுத் தேய்ப்பாள். அந்தக் கடைப் பாத்திரங்கள் போலப் பளிச்சென்று வேறு எங்கும் பார்க்க முடியாது. 

ஒருநாள் அங்கே போய் உட்கார்ந்து, "இன்னமும் அது வேணும்னு தோணுமாக்கா?" என்று கேட்டேன். எனக்கு இந்த மாதிரிக் கேள்விகளை அடக்க வராது.

தேய்ப்பதை நிறுத்தாமல் சொன்னாள். "ஊர்ல எங்க வீட்ட வித்தாச்சுல்லா? கையெழுத்துப் போட்டு, சாவியயும் குடுத்தாச்சு. ஆனா பஸ்சு அந்தப் பக்கமா போனா எட்டிப் பாக்காம இருக்க முடியுதா? அப்படித்தான். பாப்பேன். எறங்க மாட்டேன்."

அண்ணாச்சி போனது ஒரு மழைக்கால முற்பகலில். கோலிவாடாவில் ஒரு கல்யாணத்துக்குப் பாத்திரம் ஏற்றிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாடகை நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. மத்தியானத்துக்குள் வீட்டுக்குக் கொண்டுவந்து ஐஸ் பெட்டியில் கிடத்தினோம். மகன் பூனாவிலிருந்து வர வேண்டும், மலைப்பாதையில் மழையும் நெரிசலும். சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அக்கா அழுத அழுகையை நான் இதுவரை எங்கும் கேட்டதில்லை. தொண்டை கட்டி, குரல் போய், காற்று மட்டும் வந்தது. நான் அவளை ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தங்கச்சி ஒரு டம்ளர் பாலைக் கொண்டுவந்து, "ஒரு வாயி குடிக்கா, தொண்ட நனையட்டும்" என்று உதட்டில் வைத்தாள்.

அன்றைக்கு மட்டும் அக்கா கேட்கவில்லை. தினமும் பதில் சொல்லிக்கொண்டிருந்த மனுஷன் கண்ணெதிரே கிடக்கிறார், யாரிடம் எதைக் கேட்பாள்? ஒரே மூச்சில் குடித்தாள். கொஞ்ச நேரத்தில் என் தோளில் அவள் தலை கனத்தது. அழுது களைத்துப்போய்த் தூங்குகிறாள் என்று எல்லாரும் சொன்னார்கள். மகன் வந்து "மம்மி, மம்மி" என்று உலுக்கியபோதும் அவள் முழிக்கவில்லை. அந்தத் தூக்கத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

எடுக்கிற நேரம் வந்தது. நாலு பெண்கள் அவளைத் தூக்கி நிறுத்தினார்கள். கண் பாதி திறந்திருந்தது, உள்ளே ஆள் இல்லை. தங்கச்சி அவள் மணிக்கட்டைப் பிடித்து, உள்ளங்கையில் வாய்க்கரிசியை வைத்து, அண்ணாச்சி வாய்க்கு மேலே கையைக் கவிழ்த்தாள். பாதி அரிசி கழுத்துப் பக்கம் சிந்தியது. அப்படித்தான் அவரை அனுப்பினாள், தெரியாமலே.

ஆண்கள் போன பிறகு தங்கச்சியை அடுப்பங்கரைக்கு இழுத்துக்கொண்டு போனேன். "பால்ல என்ன போட்ட?"

அவள் மறைக்கவில்லை. "ஒண்ணே ஒண்ணுக்கா. எங்க வீட்டு மாமாவுக்கு டாக்டர் குடுத்தது. எவ்வளவு நேரந்தான் அப்படி அழுவா? நெஞ்சு வெடிச்சிராதா?" என்றாள். பிறகு, எனக்கு இன்றுவரை காதில் நிற்கிற ஒன்றைச் சொன்னாள். "எனக்கு மொதப் பிள்ள எறந்தப்ப அக்காதான் இதே மாதிரி பால் கொண்டுவந்து குடுத்தா. அன்னைக்கு அது இல்லாட்டி நான் கடல்ல விழுந்திருப்பேன். அத நான் எப்படி மறப்பேன்?"

திட்ட வேண்டும் என்றுதான் இழுத்துக்கொண்டு போனேன். திட்ட முடியவில்லை.

மறுநாள் காலையில் அக்கா எழுந்து உட்கார்ந்தாள். வீட்டைச் சுற்றிப் பார்த்தாள், பெட்டி இருந்த இடத்தைப் பார்த்தாள். "என்ன குடுத்த?" என்று தங்கச்சியைக் கேட்டாள். தங்கச்சி சொன்னாள். அக்கா கத்தவில்லை, அடிக்கவில்லை. முகத்தைக் கழுவி, ஒரு பையில் இரண்டு சேலையை வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"ஏட்டி, என்கூட ஐரோலிக்கு வாரியா?"

சாம்பல் அள்ளப் புறப்பட்டுக்கொண்டிருந்த ஆண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அண்ணாச்சியின் மூத்த அண்ணன் செம்பூரிலிருந்து வந்திருந்தார். "பதினாறு முடியாம நீ வாசப்படி தாண்டலாமா? நாலு பேரு என்ன சொல்லுவான்?" என்றார்.

"அத்தான், பதினாறு நாளும் நான் உள்ள இருந்தா பதினேழாவது நாளு மெடிக்கல்ல நிப்பேன். எனக்குத் தெரியும்" என்றாள் அக்கா. "அவரு கஷ்டப்பட்டு மீட்டுக் கொண்டாந்தாரு. அத நான் கெடுக்கப்படாது."

மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மம்மி, நானும் வரேன்" என்றான். "நீ அப்பா காரியத்தப் பாரு மக்கா. இது நான் பாக்க வேண்டிய காரியம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

பதினாறு அவள் இல்லாமலே நடந்தது. மூன்று வாரம் போலக் கழித்து வந்தாள். அண்ணாச்சி வகையறாவில் பலர் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, புருஷன் செத்த மறுநாள் வீட்டை விட்டுப் போனவள் என்றே பேரும் வைத்தார்கள். தங்கச்சியோடு மட்டும் அக்கா கோபமே கொள்ளவில்லை. "அவளுக்கு அதச் சொல்லிக் குடுத்தவ நான்லா?" என்றாள். சில வருஷம் கழித்துக் கடையைக் கைமாற்றிவிட்டு மகனோடு பூனாவுக்குப் போனாள். நாங்களும் தாராவியை விட்டு வந்துவிட்டோம். தீபாவளி, பொங்கலுக்குப் போன் பேசுவோம், அதுவும் இப்போது குறைந்துவிட்டது. அந்த மாத்திரை பிறகு அவள் வாய்க்குள் போகவில்லை. போயிருந்தால் ஊருக்கெல்லாம் அவளே சொல்லியிருப்பாள்.

எனக்கு அவளை நினைத்தால் முதலில் வருவது அந்த ஐரோலிக் காலைதான். சயான் வரை டாக்சி, அங்கிருந்து பஸ். ஜன்னலோரம் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். கடலைத் தாண்டுகிற பாலம் வந்தபோது கேட்டாள்.

"அவரு வாயில அரிசி போட்டேனாட்டி?"

"ஆமாக்கா, நீதான் போட்ட."

"எனக்கு நெனப்பே இல்ல" என்றாள். அப்போதுதான் சத்தமில்லாமல் அழுதாள். நானும் அழுதேன். கண்டக்டர் டிக்கெட் கேட்காமல் அடுத்த சீட்டுக்குப் போனார்.

மையத்தில் ஆலோசனை சொல்கிற மராத்திப் பெண் ஒருத்தி மேஜைக்குப் பின்னால் இருந்தாள், சின்ன வயசு. அக்காவை அடையாளம் தெரிந்து எழுந்து நின்றாள். எத்தனை எடுத்தீர்கள் என்று இந்தியில் கேட்டாள். "ஏக். லியா நஹி, தியா" என்றாள் அக்கா, ஒன்று, நானாக எடுக்கவில்லை, கொடுத்தார்கள் என்று. நடந்ததை நான் சொன்னேன். அந்தப் பெண் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, இது உங்கள் தப்பே இல்லை, தெரியாமல் உள்ளே போன ஒரு மாத்திரை, வீட்டில் துக்கம், நீங்கள் போய்க் காரியங்களை முடித்துவிட்டு வாருங்கள், நான் தினமும் போன் செய்கிறேன் என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். எனக்கும் அதுதான் நியாயம் என்று பட்டது.

அக்கா முடியாது என்று தலையை ஆட்டினாள். என் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு இதுக்கு மேல இந்தி வராதுட்டி. நீ சொல்லு அந்தப் பிள்ளைட்ட. அவரு அங்க செத்துக் கெடக்காரு, நான் நல்லாத் தூங்கியிருக்கேன். எத்தன வருசம் கழிச்சி அப்படி ஒரு தூக்கம். காலைல கண்ண முழிச்சதும் எனக்கு மொதல்ல அவரு நெனப்பு வரல. இன்னொண்ணு கெடைக்குமான்னுதான் வந்துச்சு. அதச் சொல்லு."

சொன்னேன். பாதியில் நின்று, திரும்ப ஆரம்பித்துச் சொல்லி முடித்தேன். அந்தப் பெண் மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து அக்காவின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.